மிஸ்ஸிங் அடிக்கும் வண்டி: கார்ப்பரேட்டரைக் கடைசியாகத் தொடுங்கள்

என்னிடம் இருப்பது 2006-ல் வாங்கிய ஸ்பிளெண்டர் பிளஸ். 97.2 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டர் வைத்த வண்டி. தெருவுக்கு நாலு நிற்குமே, அதேதான். ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு அது மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டரைத் திருகாமல் விட்டால், நிலையாக ஓடாது. ஆக்சிலேட்டரைத் திருகினால் தும்மும். மூன்றாவது கியரில் பாலம் ஏறினால் யாரோ பின்னால் கேரியரைப் பிடித்து இழுப்பது போல இருக்கும்.

மிஸ்ஸிங் என்றால் கார்ப்பரேட்டர் என்று எங்கோ கேட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கழற்றினேன். அதற்குள் பெட்ரோல் வரும் நுண்ணிய ஓட்டையுள்ள ஜெட்டைத் துடைத்து மாட்டினேன். அதே மிஸ்ஸிங். மறுபடி கழற்றினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவது முறை. சாயங்காலம் ஆறரை மணிக்குக் கரண்ட் போனது. வண்டி திண்ணையோரம் இருமிக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தது. அந்த இருட்டில்தான் பார்த்தேன், பொறி விடும் பிளக்கின் தலையில் மாட்டியிருக்கும் கேப்பிலிருந்து எஞ்சினின் ஃபின்னுக்கு, அதாவது வெளியே நீட்டியிருக்கும் உலோகத் தகட்டுக்கு, நீலமாக ஒரு மெல்லிய கோடு 'சட் சட்' என்று தாவிக்கொண்டிருந்தது. பிளக்குக்குள் போக வேண்டிய கரண்ட், கேப்பின் விரிசல் வழியாக வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது. மறுநாள் கேப்பை மாற்ற ஐந்து நிமிடம் ஆனது.

அன்றைக்கு ஒரு நாள் வீணாகப் போனதால்தான், எதை எதற்குப் பிறகு பார்க்க வேண்டும் என்று இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன். கையில் எடுத்துக்கொண்டது பழைய கார்ப்பரேட்டர் வண்டி, 100 முதல் 150 சிசி வரை. வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி வந்த 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஏறக்குறைய எல்லாமே, கார்ப்பரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். அதற்குத் தனியாகக் கடைசியில் சொல்கிறேன்.

தொடங்கும் முன்

பிளக் ஸ்பேனர், ஸ்டார் முனையும் தட்டை முனையும் உள்ள ஸ்க்ரூ டிரைவர், ஒரு கட்டிங் பிளையர், பழைய பல் தேய்க்கும் பிரஷ், துணி, கண்ணாடி பாட்டில் ஒன்று, டார்ச். நுண்ணிய இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் இருந்தால் நல்லது. பிளக் ஸ்பேனர் வண்டியோடு வந்த டூல் பையில் இருக்கும். சீட்டுக்கடியிலோ பக்க மூடிக்குள்ளோ தேடிப் பாருங்கள்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டுத் திறந்தவெளியில் வேலை செய்யுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடக் கூடாது. அந்தப் புகை ஆளைக் கொல்லும், வாசனையால் எச்சரிக்கை கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பெட்ரோல் பைப்பைக் கழற்றும் நேரத்தில் பக்கத்தில் சிகரெட், அடுப்பு, வாசலில் ஏற்றி வைத்த விளக்கு எதுவும் இருக்கக் கூடாது. சைலன்சரில் கால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரை டிராயரோடு வேலை பார்த்ததன் அடையாளம் என் கெண்டைக்காலில் இன்னும் இருக்கிறது.

இன்னொரு விஷயம், இதுதான் ரொம்ப முக்கியம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள். பிளக்கை மாற்றி, ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகி, ஃபில்டரையும் கழுவிவிட்டு வண்டி சரியானால் எது கோளாறு என்று தெரியாது. மோசமானால் அதைவிடத் திண்டாட்டம்.

எப்போது தடுமாறுகிறது?

எஞ்சின் ஓட மூன்று வேண்டும். காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்து உள்ளே போக வேண்டும், அதைப் பிஸ்டன் நன்றாக அமுக்க வேண்டும், சரியான நொடியில் பொறி விழ வேண்டும். மிஸ்ஸிங் என்பது இந்த மூன்றில் ஒன்று அவ்வப்போது லீவு போடுவதுதான். எது லீவு போடுகிறது என்பதை, தடுமாறும் நேரத்தை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து ஒரு தாளில் எழுதுங்கள்.

ஸ்லோவில் மட்டும் நிற்காமல், வேகத்தில் நன்றாக ஓடினால் ஸ்லோ ஜெட் அடைப்பு, காற்றுக் கசிவு, டேப்பெட் (வால்வைத் திறக்கும் பகுதி) இறுக்கம் என்று யோசிக்கலாம். ஸ்லோவில் சமத்தாக நின்று, மேட்டில் இழுக்கும்போது மட்டும் தடுக்கினால் பொறி பலவீனமாக இருக்கலாம். எஞ்சின் சுமை ஏறும்போது உள்ளே அழுத்தம் கூடும், அந்த அழுத்தத்தில் பொறி தாவுவது கஷ்டம். இல்லையென்றால் பெட்ரோல் போதவில்லை. மழையிலும் காலைப் பனியிலும் மட்டும் வந்தால் கேப், ஒயர் பக்கம் பாருங்கள். எஞ்சின் சூடான பிறகு மட்டும் நின்று, ஆறியதும் மறுபடி கிளம்பினால் பொறிக்கு உயர் வோல்ட் கொடுக்கும் இக்னிஷன் காயில் அல்லது டேப்பெட். பள்ளத்தில் விழுந்து எழும்போது மட்டும் விட்டு விட்டு வந்தால் எங்கோ ஒயர் லூஸ்.

ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் 'பட் பட்' என்று வெடிக்கிறதா? சைலன்சர் பெண்டு எஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் போயிருக்கலாம். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து அந்த இணைப்புக்கு அருகில் கையைக் காட்டினால், கசிவு இருந்தால் மூச்சு விடுவது போலக் காற்று படும். சூடேறுவதற்குள் கையை எடுத்துவிடுங்கள்.

டூல் இல்லாமல் பார்க்க வேண்டியவை

இதைப் படித்துச் சிரிக்கலாம், ஆனால் பெட்ரோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக் ரிசர்வில் இருக்கிறதா, மெயினில் இருக்கிறதா? டேங்கின் அடியில் படிந்த துருவும் அழுக்கும் ரிசர்வ் வழியாகத்தான் முதலில் வரும்.

குளிரில் ஸ்டார்ட் செய்வதற்காகக் காற்றைக் குறைக்கும் சோக், முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கார்ப்பரேட்டர் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிறிய லிவர் பாதியில் நின்றாலே போதும், வண்டி கரும்புகை விட்டு முக்கும். மழைநாள் காலையில் வீட்டில் யாரோ இழுத்துவிட்டு மறந்திருப்பார்கள்.

அடுத்து டேங்க் மூடி. அதில் காற்று உள்ளே போக ஒரு நுண்ணிய வழி உண்டு. அது அடைத்துக்கொண்டால் பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்றழுத்தம் இறங்கி, பெட்ரோல் கீழே வராமல் நின்றுவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிய வண்டி மெல்ல மெல்ல இழுவை குறைந்து நிற்கும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று சத்தம் வந்து, உடனே ஸ்டார்ட் ஆனால் ஆள் அகப்பட்டுவிட்டான். வாட்டர் சர்வீஸ் செய்து பாலிஷ் போட்ட கையோடு இது வந்தால் எனக்கு ஆச்சரியமே இருக்காது.

பிறகு எஞ்சினை ஸ்லோவில் ஓட விட்டு ஹேண்டில்பாரை இந்தக் கடைசி வரைக்கும் அந்தக் கடைசி வரைக்கும் மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் எங்கோ இறுகுகிறது. எஞ்சின் தடுக்கினாலோ நின்றாலோ சாவி சுவிட்சிலிருந்து வரும் ஒயர், கழுத்துப் பகுதியில் மடங்கி மடங்கி உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. வெளியே தோல் நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இரண்டு மூன்று இழையில் தொங்கிக்கொண்டிருக்கும். சாவியையும் அப்படியே லேசாக ஆட்டிப் பாருங்கள். ஸ்டாண்டு போட்டால் எஞ்சின் நிற்கும் புது வண்டிகளில், சைடு ஸ்டாண்டு சுவிட்சில் சேறு அடைந்தாலும் பள்ளத்தில் கட் ஆகும்.

கடைசியாகச் செயின். ஜர்க் அடிக்கும் வண்டியை எஞ்சின் கோளாறு என்று நினைத்துப் பலர் ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். செயினை நடுவில் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அசைய வேண்டும். அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தாலோ, சக்கரத்தைச் சுற்றும்போது ஓரிடத்தில் இறுகி இன்னோர் இடத்தில் தொங்கினாலோ, மெதுவாகப் போகும்போது வரும் அந்த உதறல் எஞ்சினுடையது இல்லை.

பிளக்: எஞ்சின் எழுதி வைக்கும் சீட்டு

நான் எப்போதும் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, எஞ்சின் தொடும் அளவுக்கு ஆறிய பிறகு கழற்றுங்கள். ஸ்லோவிலேயே ஓட விட்டுக் கழற்றினால் நல்ல எஞ்சினின் பிளக் கூடக் கறுப்பாகத்தான் இருக்கும், ஏமாந்துபோவீர்கள்.

கேப்பை இழுத்து எடுக்கும்போது ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், கேப்பையே பிடித்து லேசாகத் திருகி இழுங்கள். பிளக்கைச் சுற்றியிருக்கும் மண்ணைப் பிரஷால் தள்ளி, ஊதிவிட்டு அப்புறம் ஸ்பேனரைப் போடுங்கள். இல்லையென்றால் அந்த மண் முழுக்க சிலிண்டருக்குள் போகும். இடப்பக்கமாகச் சுற்றினால் கழலும்.

இப்போது முனையை வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் இருக்கும் பீங்கான் பகுதி வறுத்த கொத்தமல்லி நிறத்தில், அல்லது கொஞ்சம் வெளிறிய பழுப்பில் இருந்தால் எஞ்சினுக்குள் எரிவது சரியாக இருக்கிறது. விரலில் ஒட்டும் உலர்ந்த கரி, விளக்குக் கரி மாதிரி இருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று கம்மி. சோக், ஏர் ஃபில்டர் இரண்டையும் சந்தேகப்படுங்கள். கறுப்பாகவும் வழவழவென்று ஈரமாகவும் இருந்து, எஞ்சின் ஆயில் வாசனை அடித்தால் ஆயில் உள்ளே ஏறுகிறது. பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், அது வீட்டு வேலை இல்லை. வெறும் பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி விழாமல் இருக்கலாம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் கம்மி. இந்த வெளுப்பை அலட்சியம் செய்யாதீர்கள், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிக்கொண்டிருக்கிறது.

கரியை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ நனைத்த பிரஷால் தேய்த்து எடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அதன் துகள் உள்ளே தங்கும். முனை இடைவெளி 100 சிசி வண்டிகளில் 0.6 முதல் 0.9 மில்லிமீட்டருக்குள் வரும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டிப் புத்தகத்தில் இருக்கும். ஃபீலர் கேஜை உள்ளே விட்டால் லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். அகலமாக இருந்தால் வளைந்த வெளிமுனையை மட்டும் மெதுவாகத் தட்டிக் குறுக்குங்கள். நடுமுனையை நெம்பினால் பீங்கான் உடையும். நடுமுனை உருண்டு மழுங்கிப்போயிருந்தால் சுத்தம் செய்வதில் அர்த்தமில்லை, அதே நம்பரில் புதிது வாங்குங்கள். கடைக்காரர் 'இதுவும் செட் ஆகும்' என்று வேறு நம்பரைக் கொடுத்தால் வாங்காதீர்கள். மரை நீளமாக இருந்தால் பிஸ்டனில் இடிக்கும்.

பொறி விழுகிறதா என்று பார்க்க, கழற்றிய பிளக்கையே பயன்படுத்துவதைவிட உபரியாக ஒரு பிளக் இருந்தால் வசதி. எஞ்சினில் இருக்கும் பிளக்கை அங்கேயே விட்டுவிட்டு, உபரி பிளக்கைக் கேப்பில் சொருகி, அதன் உலோக உடம்பு எஞ்சின் உலோகத்தில் நன்றாகப் படும்படி இன்சுலேஷன் உள்ள பிளையரால் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைக் கிக்கர் அடிக்கச் சொல்லுங்கள். பிளக் ஓட்டை மூடியிருப்பதால் பெட்ரோல் ஆவி வெளியே வந்து பற்றும் பயமில்லை. பொறி நீலமாக, 'டிக்' என்ற சத்தத்தோடு வர வேண்டும். மஞ்சளாக, சோம்பலாக வந்தால் பலவீனம். பிளக் எதிலும் படாமல் தொங்கும்போது கிக்கர் அடிக்காதீர்கள், வழி தெரியாத கரண்ட் காயிலைக் கெடுக்கும். கையால் பிடித்தாலோ வலியோடு ஒரு பாடம்.

திரும்ப மாட்டும்போது முதல் நாலைந்து சுற்று கை விரலால் மட்டும் போடுங்கள். கோணலாக ஏறினால் அலுமினிய மரை போய்விடும், அதற்குப் பிறகு லேத் பட்டறைதான். கையால் இறுகி நின்ற பிறகு புதுப் பிளக் என்றால் அரைச் சுற்று, பழையது என்றால் அதில் கால்வாசி. ஸ்பேனரில் ஏறி நிற்க வேண்டாம்.

இருட்டில் பத்து நிமிடம்

கரண்ட் போனால்தான் என்றில்லை, ராத்திரி எட்டு மணிக்கு வாசல் விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை ஓட விடுங்கள். ஒரு நிமிடம் கண் பழகட்டும். கேப், தடித்த கறுப்பு ஒயர், காயில், இந்த மூன்றையும் பாருங்கள். எங்காவது நீலமாக மினுங்கினால் கசிவு அங்கேதான். ஒன்றும் தெரியவில்லை என்றால், தலைக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலால் அந்தப் பகுதியில் பனி மாதிரி லேசாகத் தெளியுங்கள். மழைநாள் மிஸ்ஸிங் உடனே கூப்பிட்டது போல வந்து நிற்கும். ஓடும்போது கையால் தொடாதீர்கள், பல்லாயிரம் வோல்ட் ஓடும் ஒயர் அது.

கேப்புக்குள் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால், எஞ்சினை நிறுத்தி கேப்பை ஒயரிலிருந்து இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது உள்ளே ஒரு சிறிய திருகாணியில்தான் மாட்டியிருக்கும். ஒயரின் நுனியில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டால் புதுச் செம்பு தெரியும், அதில் கேப்பைத் திருப்பித் திருகுங்கள். செலவே இல்லாத வேலை. எத்தனையோ மழைக்கால வண்டிகள் இதோடு சரியாகிவிடும். கேப்பில் விரிசல் இருந்தால் டேப் சுற்றி ஒப்பேற்றாமல் புதிது போடுங்கள்.

மூச்சு வாங்கும் வழி

ஏர் ஃபில்டரைத் திறப்பது இரண்டு மூன்று ஸ்க்ரூ வேலை. ஸ்பாஞ்சு வகை என்றால் மண்ணெண்ணெயில் கசக்கிக் கழுவி, பிழிந்து, நிழலில் உலர்த்தி, சுத்தமான எஞ்சின் ஆயிலில் நனைத்து மறுபடி ஒட்டப் பிழிந்து மாட்டுங்கள். முறுக்கிப் பிழிந்தால் கிழியும், உள்ளங்கைகளுக்கு நடுவில் அமுக்குங்கள். காகித வகையைக் கழுவக் கூடாது. எண்ணெய்ப் பசையோடு வரும் காகித ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்வதும் வேண்டாம், மாற்றத்தான் வேண்டும். பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்ததை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். தேங்காய் நார், பிஸ்கட் தாள், எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தது.

காற்று போதாமல் போவது ஒரு பக்கம். போகக் கூடாத வழியில் காற்று நுழைவது இன்னொரு பக்கம். கார்ப்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள இணைப்பில் ரப்பர் வளையமோ ரப்பர் குழாயோ இருக்கும். வருடக்கணக்கில் வெயிலும் எஞ்சின் சூடும் பட்டு அது வெடிக்கும், அல்லது நட்டு தளரும். அப்போது ஃபில்டர் வழியாக வராத காற்று பக்கவாட்டில் புகுந்து கலவையை நீர்த்துப்போகச் செய்யும். ஸ்லோ ஒரே நிலையில் நிற்காமல் தானாக ஏறி இறங்கும், பிளக் வெளுக்கும். எஞ்சின் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றித் தண்ணீரைப் பனியாகத் தெளியுங்கள். சத்தம் சட்டென்று மாறினால் அங்கேதான் ஓட்டை. சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பார்கள். சூடான சைலன்சர் ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது அந்த வித்தை வேண்டாம்.

சரி, இப்போது கார்ப்பரேட்டர்

முதலில் கழற்ற வேண்டாம். அதன் அடிக்கிண்ணத்தின் கீழே ஒரு டிரெயின் ஸ்க்ரூ இருக்கும். காக்கை மூடிவிட்டு, கண்ணாடி பாட்டிலை ஏந்திக்கொண்டு அதைத் திறங்கள். வடிந்ததைப் பத்து நிமிடம் ஆட்டாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் கண்ணாடிக் குண்டு மாதிரி தனியே உருளும், அல்லது அடியில் ஒரு படலமாக நிற்கும். இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். கொஞ்சம் தண்ணீர் வரை கலவைக்குள் கரைந்து கிடக்கும், அளவு மீறினால் எத்தனாலையும் சேர்த்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். பெட்ரோல் எடுக்கும் வழியும் அடியில்தான் இருக்கிறது. மழையில் நனைந்து, வாரக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டி இருமுவதற்கு இது நல்ல காரணம். தண்ணீர் தெரிந்தால் டேங்கையும் வடித்து, புதுப் பெட்ரோல் போட்டுப் பாருங்கள். பாதி வண்டிக்கு வேலை இதோடு முடியும்.

அடுத்தது ஸ்லோ. எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். கார்ப்பரேட்டரில் இரண்டு ஸ்க்ரூ வெளியே தெரியும். ஸ்பிரிங்கோடு கொஞ்சம் பெரிதாக இருப்பது ஸ்லோ ஸ்க்ரூ, வேகத்தை மட்டும் ஏற்றி இறக்கும். சிறியது கலவை ஸ்க்ரூ. முதலில் கலவை ஸ்க்ரூ எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்று, மெதுவாக உள்ளே முடியும் வரை எண்ணிக்கொண்டே திருகி, தாளில் எழுதிவிட்டு அதே எண்ணிக்கைக்கு வெளியே எடுங்கள். அழுத்தி இறுக்கினால் ஊசிமுனை நசுங்கும். பிறகு கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி, எஞ்சின் எந்த இடத்தில் அதிக வேகத்தோடும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் சில நொடி காத்திருங்கள். கடைசியில் ஸ்லோ ஸ்க்ரூவால் வேகத்தை இறக்குங்கள். ஸ்பிளெண்டருக்கு நிமிடத்துக்கு 1,400 சுற்று. மீட்டர் இல்லாத வண்டியில், முன்விளக்கு அணையப் பார்க்காமல், எஞ்சின் நின்றுவிடுமோ என்ற பயம் இல்லாமல் ஓடும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ எங்கே திருப்பினாலும் எஞ்சின் கண்டுகொள்ளவே இல்லையா? ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது.

அப்போதுதான் கழற்ற வேண்டும். கழற்றும் முன் நாலு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுத் தட்டு ஒன்றில் பழைய துண்டை விரித்து அதன் மேல் பிரியுங்கள், ஸ்பிரிங் உருண்டு ஓடாது. ஸ்லோ ஜெட்டின் ஓட்டை தலைமுடி பருமன்தான். அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒரு புள்ளி வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்ப்பரேட்டர் கிளீனர் அடித்து ஊற வைத்து, காற்றால் ஊதுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள், அந்தத் திரவம் எதிர்ப்பக்க ஓட்டை வழியாக நேரே கண்ணுக்குத்தான் பாயும். ஊசி, குண்டூசி, கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள். பித்தளை மிருது. ஓட்டை கொஞ்சம் அகன்றாலும் கலவை நிரந்தரமாகக் கெட்டுவிடும். என் அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது சுற்றில் நான் சட்டை ஊசியால் குத்தியதும், பிறகு புது ஜெட் வாங்கியதும் தனிக் கதை.

அமுக்கம் இருக்கிறதா?

பொறி நன்று, பெட்ரோல் நன்று, காற்று நன்று, ஆனாலும் இழுவை இல்லை என்றால் பிஸ்டன் அமுக்குகிறதா என்று பாருங்கள். சாவியை அணைத்துவிட்டுக் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். ஓரிடத்தில் கையை எதிர்த்து நிற்க வேண்டும். வழவழவென்று கீழே இறங்கிவிட்டால் அமுக்கம் எங்கோ ஓடுகிறது. எங்கே என்று அறிய, பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி மறுபடி அழுத்திப் பாருங்கள். இப்போது எதிர்ப்பு கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது. மாற்றமே இல்லை என்றால் வால்வ் பக்கம். சோதித்த பிறகு ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வரும், பயப்படாதீர்கள்.

வால்வ் பக்கம் என்றாலும் உடனே பெரிய செலவு இல்லை. டேப்பெட் இறுக்கமாக இருந்தால் வால்வ் முழுதாக மூடாது, சூடானதும் ஸ்லோ நிற்காது. 'டிக் டிக்' என்று தையல் மெஷின் சத்தம் வந்தால் அது தளர்ந்த டேப்பெட். எனக்குச் சத்தம் போடும் டேப்பெட் மேல் பயமில்லை, சத்தமே போடாத டேப்பெட் மேல்தான் சந்தேகம். ஆனால் அந்த இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, எஞ்சினோடு சுழலும் மேக்னட் சக்கரத்தில் உள்ள 'டி' குறியை மூடியில் உள்ள குறியோடு சேர்த்து, அமுக்க ஸ்ட்ரோக்கில் வைத்துத்தான் அளக்க வேண்டும். முதல் முறை தெரிந்தவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டாவது முறை நீங்களே செய்யலாம்.

இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால்

பிளக், கேப், ஏர் ஃபில்டர், காற்றுக் கசிவு, ஒயர், செயின், இதுவரை சொன்னது எல்லாம் அப்படியே பொருந்தும். ஸ்லோ ஸ்க்ரூ தேட வேண்டாம், காற்றை அளந்து உள்ளே விடும் திராட்டில் பாடியைத் திருகவும் வேண்டாம். பேட்டரியைப் பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டுவிட்டுப் பிறகு பேசலாம். பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் மூன்றும் அதை நம்பித்தான் இருக்கின்றன. மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால், அது எத்தனை முறை நீளமாகவும் எத்தனை முறை குட்டையாகவும் கண்சிமிட்டுகிறது என்று பல வண்டிகளில் எண்ணலாம். போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த சென்சார் என்பதற்கான துப்பு அந்தக் கண்சிமிட்டலில் இருக்கிறது.

மெக்கானிக்கிடம் போகும்போது

உள்ளிருந்து இரும்பு தட்டும் சத்தம், ஆயில் குடிக்கும் எஞ்சின், ரிங், வால்வ், இவற்றுக்கு வீட்டு வாசல் போதாது. கொண்டுபோகும்போது 'மிஸ்ஸிங் ஆகுதுண்ணா' என்று மட்டும் சொன்னால் அவரும் கார்ப்பரேட்டரில்தான் ஆரம்பிப்பார். 'அண்ணா, சூடான பிறகு மட்டும் நிக்குது, பிளக் புதுசு, கேப் மாத்தியாச்சு, பெட்ரோல்ல தண்ணி இல்ல' என்று சொல்லிப் பாருங்கள். அவர் நிமிர்ந்து உங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு நேராகக் காயிலில் கை வைப்பார். கழற்றிய பழைய பிளக்கைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், முனையைத் துடைக்காமல்.